சரக்கு ரயிலைப் படமெடுப்பது குற்றமா?

சரக்கு ரயில்களைப் படமெடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அமெரிக்காவின் ஆல்கோ வடிவமைப்பில் வாராணசி ஆலை 1964 முதல் தயாரித்த டீசல் என்ஜின்கள், மின்மயமாக்கலால் மறைந்துவருகின்றன. அவற்றின் வண்ணங்களும், ஈரோடு, பொன்மலை என்று அவை தாங்கியிருந்த பணிமனைப் பெயர்களும் ஆர்வலர்களின் படங்களில்தான் பெரிதும் எஞ்சும்.

அதற்காகத் தண்டவாளத்தில் இறங்குவதை ஏற்க முடியாது. ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவு அத்துமீறலைத் தண்டிப்பது நியாயமே. 25,000 வோல்ட் மின்கம்பியின் கீழ் துணிச்சல் காட்டுவது அறிவீனம்.

ஆனால், நடைமேடையில் நின்று படமெடுப்பவரையும் ஐயத்துடன் விரட்டுவது ஏன்? எங்கு நின்று, எதைப் படமெடுக்கலாம் என்பதை ஒவ்வொரு நிலையத்திலும் ரயில்வே எழுதிவைக்கட்டும். விதி தெளிவானால் காவலருக்கும் ஆர்வலருக்கும் இடையே வாக்குவாதம் இராது, வரலாறும் பதிவாகும்.