பின்சக்கரப் படகு செய்வோம், வாங்க!

நண்பர்களே! கடைசி செமஸ்டர் வந்துட்டா போதும், ரெடிமேட் பிராஜெக்ட் எங்கே விற்கிறது என்று அலைகிறோம். வாங்கி வைத்தால் மார்க் விழும். கையில் வேலை ஏறுமா?

அதற்குப் பதில், ஓடுகிற மாடல் ஒன்று நாமே செய்யலாம். என் யோசனை, பின்சக்கரப் படகு. நம் ஜனங்கள் பிழைக்கப் போன பர்மாவில், ஐராவதி ஆற்றில் இவை ஓடின. ஆழமில்லாத மணல் ஆற்றில் புரொப்பெல்லர் தரை தட்டும். துடுப்புச் சக்கரம் கொஞ்சம் முங்கினாலே படகைத் தள்ளும். பின்னால் வைத்தால் குறுகலான இடத்திலும் நுழையலாம். 1942-இல் ஜப்பான் படை வந்தபோது, அதன் கைக்குப் போகக் கூடாதென்று ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியே தன் கப்பல்களை மூழ்கடித்தது.

இதில் கணக்கும் இருக்கு. நீளத்தை 25-இல் 1 பங்காக்கினால், எடை 15,625-இல் 1 பங்கு. அலை எழும் விதம் ஒத்துப்போக, படகின் வேகம் 5-இல் 1 பங்கு. சக்கரமோ 5 மடங்கு வேகமாகச் சுற்றணும். நிஜத்தில் நிமிடத்துக்கு 20 சுற்று என்றால் மாடலில் 100. பழைய டேப் ரெக்கார்டர் மோட்டார் 2,400 சுற்று சுற்றினால், 24-க்கு 1 கியர் வேண்டும்.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். "என்னடா படிக்கிறே?" என்று ரெட்டிபாளையத்தில் அப்பா கேட்டால், மார்க் ஷீட்டைக் காட்டி என்ன பயன்? தண்ணீரில் ஓடும் படகைக் காட்டினால் அவருக்குப் புரியும். வைவாவிலும் நமக்கு வாய் வரும்.

சிந்திப்பீர், செய்வீர்!