கடிகாரக் கண்ணாடியில் கீறல்

நெய்வேலி நகரியத்தில் பணி நிறைவு பெற்ற பெரியவர்கள் சிலரது கையில் சாவி கொடுத்து ஓடும் எச்.எம்.டி. கடிகாரத்தை இன்றும் காணலாம். பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது 1956இல். பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியது 1961இல். ஏறத்தாழ ஒரே தலைமுறையின் உழைப்பு இரண்டும். கணவர் மறைந்த பின் அவருடைய கடிகாரத்தைப் பூஜை அறையில் வைத்து, நாள்தோறும் தவறாமல் சாவி கொடுத்துவரும் அம்மையார்களும் உண்டு. அந்தக் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் முடிவு செய்தது. ஆகவே, கையில் உள்ளதைப் பேணுவதே வழி.

அக்கடிகாரங்களின் முகப்பு காலப்போக்கில் மங்கிப்போவதற்குக் கரித்தூள் காரணமன்று, கரி மென்மையானது. சுரங்கத்தில் கரிக்கு மேலே கிடக்கும் மணலை அகற்றும்போது எழும் புழுதிதான் பகை. மணலில் உள்ள படிகத் துகள் மெய்யான கண்ணாடியையே கீறும். ‘ஜனதா’ போன்ற பழைய கடிகாரங்களில் இருப்பதோ அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். எளிதில் கீறும், எளிதில் தேயவும் செய்யும். அதுவே நன்மை.

முதலில் நகத்தால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். மழுங்கிய ஓசை எழுந்தால் பிளாஸ்டிக். கணீரென்று ஒலித்து, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் கண்ணாடி. கண்ணாடியாயின் வீட்டு முயற்சி பயன் தராது; கடைக்காரரிடம் மாற்றிக்கொள்வதே முறை.

குத்துவிளக்கையும் வெள்ளிப் பாத்திரங்களையும் திருநீறு கொண்டு துலக்கும் வழக்கம் இல்லங்களில் உண்டு. அதே கையோடு கடிகாரத்தையும் தேய்ப்போர் உளர். இது வேண்டாம். சாம்பலில் கலந்துள்ள ஒரு மணற்பொடி போதும், புதிய கோடுகள் விழுந்துவிடும். பல் துலக்கும் வெண்ணிறப் பசை போதுமானது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ‘ஜெல்’ வகை அவ்வளவாக உதவாது.

கடிகாரத்தின் மேலுள்ள புழுதியை முதலில் ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். சுற்றியுள்ள உலோக விளிம்பை ஒட்டு நாடாவால் மறைத்து, பட்டாணி அளவு பசையைப் பழைய பருத்தித் துணியில் எடுத்து, சிறு சிறு வட்டங்களாக ஐந்து நிமிடம் தேய்க்கலாம். அழுத்த வேண்டியதில்லை. துடைத்துப் பார்த்து, போதாவிடில் மீண்டும் செய்யலாம். நகம் தடுக்கும் அளவு ஆழமான கீறலுக்கு 2000 எண் கொண்ட நீர்த்தாளை நனைத்து மெல்லத் தேய்க்க வேண்டும். முகப்பு முழுவதும் பால்போல் வெளுக்கும். பார்த்து அஞ்ச வேண்டா; பசை அதைத் தெளிவாக்கிவிடும். விரிசல் கண்டதைத் தேய்க்கலாகாது.

முகப்பு தெளிந்த பிறகும் எண்கள் மங்கலாகத் தெரிந்தால் குறை கடிகாரத்தில் இல்லை. கண் மருத்துவரைக் காண்பதைத் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரை வேளையைக் கடிகாரம் பார்த்து அறிவோர்க்கு இது சிறிய செய்தியன்று.

பழைய கடிகாரத்துக்குத் தண்ணீர் ஆகாது. குழாயடியில் கழுவுவது கூடாது. பங்குனி உத்திரத்தன்று வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்போர் கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துச் செல்லலாம்.