எல் நினோ வந்தால் மழை பொய்க்குமா?

பசிபிக் கடல் சூடாகிறது, அதாவது எல் நினோ வருகிறது என்ற செய்தி வந்தாலே தென்மேற்குப் பருவமழை பொய்த்துவிடும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். கடந்த ஆண்டுகளின் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1997-இல் வந்தது இருபதாம் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று. அந்த ஆண்டு நாட்டின் மழை இயல்பைவிடச் சற்றுக் கூடுதல். 2002-இல் வந்ததோ நடுத்தரமானது. மழை 19 சதவீதம் குறைந்தது. அந்த ஜூலையில் ஏறக்குறையப் பாதி மழை பெய்யவே இல்லை.

பசிபிக்கின் சூடான நீர்ப்பரப்பில் மேலெழும் காற்று வேறெங்கோ கீழிறங்கியாக வேண்டும். அது இந்தியாவின் மீது இறங்கினால் மேகம் திரளாது. எனவே, கடல் எவ்வளவு சூடானது என்பதைவிட எங்கே சூடானது என்பதே பெரிது. 1997-இல் வெப்பம் பெரு நாட்டுக் கரையோரம் குவிந்தது. 2002-இல் நடுப் பசிபிக்கில் தங்கியது; காற்று இறங்கும் பகுதியும் நம் பக்கம் நகர்ந்தது.

நம் இந்தியப் பெருங்கடலுக்கும் இதில் பங்குண்டு. ஆப்பிரிக்கப் பக்கம் சூடேறி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் மழைக்குச் சாதகம். 1997-இல் அது நடந்தது. 2019-இலும் நடந்தது: ஜூனில் மூன்றில் ஒரு பங்கு மழை குறைந்தும், பருவம் 10 சதவீதம் கூடுதலாக முடிந்தது.

இவை தவிர, பருவத்துக்குள்ளேயே மழை ஓய்ந்துபோகும் நாட்கள் உண்டு. காவிரிப் படுகை உழவரை உண்மையில் வதைப்பவை இவைதான். 2023-இல் நாட்டின் மொத்தப் பருவமழை இயல்பில் 94 சதவீதம். கேட்க ஆறுதலான எண். ஆனால், அந்த ஆகஸ்ட் 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட். ஜூன் 12-இல் திறந்த மேட்டூர் அணையை அக்டோபரிலேயே மூட நேர்ந்தது. டெல்டாவில் குறுவை கருகியது. அந்த 94-ஐ நம்பி யாரும் நாற்று விட முடியாது.

வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் எல் நினோ ஆண்டுகளில் தமிழகத்தில் கூடுகிறது. 2015-இல் தென்மேற்கு மழை 14 சதவீதம் குறைந்த பிறகுதான் சென்னை மூழ்கியது.

நாடு முழுவதற்குமான ஒற்றைச் சராசரியை வைத்துக்கொண்டு தஞ்சை உழவர் என்ன செய்வார்? நான்கு வாரங்கள் வரையிலான முன்கணிப்பை வானிலைத் துறை வாரந்தோறும் வெளியிடுகிறது. காவிரியும் கபினியும் நிறைவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையால். அந்த இரண்டு மலைப்பகுதிகளுக்குமான கணிப்பும் அணைகளின் நீர்வரத்தும் மே மாதம் முதல் வாரந்தோறும், எளிய தமிழில், அவர் விதைநெல் வாங்குவதற்கு முன்பே அவரிடம் சேர வேண்டும்.