காடு யாருக்கு வகுப்பறை?

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்கெல்லாம் 2025 ஜூலையில் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் வைத்தது தமிழக அரசு. சாதியைச் சுமந்த பலகை வாசலிலிருந்து இறங்கியது நல்லதே. அந்த வாசலைத் தாண்டிப் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்பதையும் இப்போது கேட்க வேண்டும்.

சுற்றுச்சூழல் கல்வி யாரும் போடுகிற பிச்சையல்ல. 1991இல் எம்.சி. மேத்தா வழக்கிலேயே அதைப் பாடமாக்கச் சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம். பாடம் வந்தது, காடுதான் கண்ணில் படவில்லை. கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என்று தமிழகத்தில் ஐந்து தேசியப் பூங்காக்கள் உண்டு. திருச்சி மாவட்டத்தில் ஒன்றும் இல்லை. பாலக்கரையிலிருந்து முதுமலைக்குப் போவதென்றால் பேருந்து வாடகை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேரும். ‘நாளைக்குள் பணம் கொண்டு வா’ என்று பள்ளியில் சொன்னால், தூய்மைப் பணிக்கும் மார்க்கெட்டில் மூட்டை தூக்கவும் போகிற வீட்டில் என்ன நடக்கும்? சுற்றுலா நாளன்று பிள்ளை ‘காய்ச்சல்’ என்று விடுப்புக் கடிதம் எழுதும். நானும் எழுதியிருக்கிறேன்.

பிறகு தமிழ் முதுகலை படித்தேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் சொல்லும் 99 பூக்களின் பெயரையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். அவற்றில் பாதியைக்கூட நேரில் கண்டதில்லை. பச்சமலையில் விறகு சுமந்து வந்த ஒரு அம்மாதான் வேலியோரம் நிறுத்தி, “இதுதாங்க செங்காந்தள், கெழங்கத் தொட்றாதீங்க, வெசம்” என்றார். பட்டியலின் முதல் பூ அது! அந்த அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை.

காட்டில் ஆசிரியர் யார் என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. தெப்பக்காடு முகாமில் தாயற்ற யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரை 2023இல் ஆஸ்கர் படம்தான் உலகுக்குக் காட்டியது. அதே ஆண்டு இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பாம்பு பிடிக்கும் அறிவுக்காகப் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஆனால் தேசியப் பூங்கா என்ற ஏற்பாடே காட்டு மக்களை வெளியே தள்ளித் தொடங்கியது. 1872இல் அமெரிக்காவில் அமைத்த யெல்லோஸ்டோனிலிருந்து பூர்வகுடிகளை அகற்றினார்கள். இங்கே 2006இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் பட்டாவுக்காக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். மாணவர்களை அழைத்துப் போகும்போது இதையும் சொல்ல வேண்டும். புலியைக் காட்டிவிட்டு ஊரை மறைத்தால் அது அரைப் பாடம்.

முதுமலைக்குப் போக முடியாவிட்டால் மேலூருக்காவது போகலாமே. ஸ்ரீரங்கம் பக்கத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே 25 ஏக்கரில் 2015 முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. பாலக்கரையிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் எட்டிவிடும் தூரம். மாவட்டத்தின் ஒவ்வொரு சமூகநீதி விடுதிக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை அரசுச் செலவில் பேருந்து வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. பச்சமலையிலிருந்து மரமும் பூச்சியும் அறிந்த இரண்டு பெரியவர்களை அழைத்து, ஒரு நாள் ஆசிரியர் சம்பளம் கொடுத்துப் பேசச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுப் பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இந்த மனுவைக் கொடுக்கப் போகிறோம். விடுதி மாணவர்களும் பெற்றோரும் கையெழுத்திடலாம்.