படகின் அடியைச் சுரண்டுவோர் கவனத்திற்கு

நெடுநாள் கவனிப்பாரற்று நீரில் கிடந்த பாய்மரப் படகொன்றைக் கரையேற்றும் காட்சியைக் கண்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். நீர்மட்டக் கோட்டிற்கு மேலே வெள்ளை வெளேரென்ற உடல். கீழே தாடி போல் தொங்கும் பாசி, சிப்பிகள், இடைவெளியின்றிப் படிந்த பார்னக்கிள் என்னும் சுண்ணாம்பு ஓட்டுயிர்கள். அதைக் கண்டதும் உடைமையாளர் இரண்டு முடிவுகளுக்கு வருகிறார். ஒன்று, இதைச் சுரண்டியாகவேண்டும். இரண்டு, இனி இவ்வாறு நேராதிருக்க, கிடைப்பதிலேயே வலுவான நச்சுப்பூச்சை வாங்கிப் பூசிவிடவேண்டும். முதல் முடிவில் எனக்கு மாறுபாடு இல்லை. இரண்டாவதை ஏற்க இயலவில்லை.

ஒட்டிக்கொள்ளும் அந்த உயிரை முதலில் அறிந்துகொள்வோம். சார்லஸ் டார்வின் 1846 தொடங்கி 1854 வரை எட்டாண்டுகளை இதன் ஆராய்ச்சிக்கே செலவிட்டார். பார்னக்கிளின் இளம் உயிர் நீரில் மிதந்து திரிகிறது. ஒட்டுவதற்கு முந்தைய பருவத்தில் அது உணவே கொள்வதில்லை. உணர்கொம்புகளால் பரப்பின்மீது நடந்து பார்த்து, இடம் பிடித்துவிட்டால் தலையை அங்கே பசையிட்டுப் பதித்துவிடுகிறது. பிறகு ஓடு கட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் கால்களால் இரையை வாரி உண்கிறது. ஒட்டிய சில நாட்களில் துணியால் துடைத்தாலே அது போய்விடும். மாதங்கள் கடந்தால் சுரண்டுதகடு வேண்டும். அப்போதும் சுண்ணாம்பு வளையம் எஞ்சி நிற்கும். ஆக, நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் வேலையைக் கடினமாக்குகிறது. இந்தக் கடனை நஞ்சைக்கொண்டு தீர்த்துவிடலாம் என்ற ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று.

1761இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்னும் போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடுகளை வேய்ந்து சோதித்தது. மரத்தைத் துளைக்கும் புழுக்களிடமிருந்து கப்பல் தப்பியது. ஆனால் செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப் போயின. தகட்டைச் சுற்றிவந்த காகிதம் தற்செயலாக இடையில் தங்கிய இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. பின்னாளில், கடல்நீரில் செம்பு கரைவதைத் தடுக்கும் பொறுப்பு ஹம்ஃப்ரி டேவியிடம் வந்தது. 1824இல் அவர் செம்போடு இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்தார். செம்பு கரையாமல் நின்றது. ஆனால் அந்தக் கப்பல்களில் பாசியும் பார்னக்கிளும் மண்டின! கரையாத செம்பு காக்காது. காக்கவேண்டுமாயின் அது கரைந்து கடலில் கலந்தாகவேண்டும். இன்று கடைகளில் விற்கும் செம்புப் பூச்சுகளுக்கும் இதுவே விதி. பூச்சு ‘வேலை செய்கிறது’ என்றால், நஞ்சு நீரில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

அவ்வாறு இறங்கிய நஞ்சு எங்கே போகிறது? பிரான்சின் தென்மேற்கிலுள்ள ஆர்க்கஷோன் விரிகுடாவைக் கேட்கலாம். சிப்பி வளர்ப்புக்குப் பேர்பெற்ற அவ்விடத்திலேயே ஆயிரக்கணக்கான உல்லாசப் படகுகளும் நின்றன. அவற்றின் அடியில் டிபிடி எனப்படும் டிரைபியூட்டைல்டின் கலந்த பூச்சு. 1970களின் பிற்பகுதியில் சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகள் தடித்து உருக்குலைந்தன. 1982இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இப்பூச்சைப் பிரான்ஸ் கட்டுப்படுத்தியது. சிப்பிகள் மீண்டன. பிரிட்டனிலோ, லிட்டருக்குச் சில நானோகிராம் அளவே இருந்த அந்நஞ்சால் பெண் கடல்நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து அவற்றின் இனப்பெருக்கம் நின்றுபோனது. உலகளாவிய தடை ஒப்பந்தம் 2001இல் உருவாகி, 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2023 முதல் சைபுட்ரின் என்னும் மற்றொரு நஞ்சும் தடைப்பட்டியலில் சேர்ந்துள்ளது. பெயர்கள் மாறினும் கதை மாறவில்லை. விடுமுறை நாளில் காற்று வாங்க வைத்திருந்த படகுகளுக்காகச் சிப்பி வளர்ப்போர் தம் பிழைப்பைப் பணயம் வைக்க நேர்ந்தது என்பதே இதில் என்னை உறுத்துவது.

கைவிடப்பட்ட படகில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடுக்கடுக்காய்ப் படிந்த பழைய பூச்சுகளில் என்னென்ன உறங்குகின்றன என்பது புதிதாய் வாங்கியவருக்குத் தெரியாது. ஸ்வீடனில் உல்லாசப் படகுகளை ஆராய்ந்தவர்கள், தடை வந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் அடி அடுக்குகளில் டின் எஞ்சியிருப்பதைக் கண்டனர். ஆகவே சுரண்டுவதிலும் நெறி வேண்டும். படகைக் கரையேற்றியவுடன், ஒட்டியவை காய்ந்து இறுகுமுன் சுரண்டவேண்டும். கண்ணாடி நாரிழைப் படகெனில் பிளாஸ்டிக் தகடு போதும்; இரும்புத் தகடு உடலைக் கீறிவிடும். கீழே தார்ப்பாய் விரித்து, உதிர்வதை எல்லாம் சேகரிக்கவேண்டும். உப்புத்தாளை நனைத்தே தேய்க்கவேண்டும். உலர்ந்த தூசு நுரையீரலுக்குள் செல்லும் நஞ்சு. முகமூடியும் கண்ணாடியும் அவசியம். துத்தநாகக் கட்டிகளின் மேல் வண்ணம் பூசிவிட்டால், உலோகப் பாகங்களை அரிப்பிலிருந்து காக்கும் தம் வேலையை அவை செய்யா. சேகரித்த கழிவை அபாயக் கழிவாகவே ஒப்படைக்கவேண்டும். கடலுக்குள் தள்ளிவிட்டால் நாம் எதைச் சுத்தம் செய்தோம்?

‘பெருங்கப்பல்களை மாதந்தோறும் கரையேற்ற இயலுமா? அடி அழுக்கானால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகுமே, அயல் உயிரினங்கள் பிற துறைமுகங்களுக்குப் பரவுமே’ என்பார்கள். நியாயமான கேள்விகள்தாம். கண்டம் தாண்டிச் செல்லும் சரக்குக் கப்பலுக்கு என்னிடம் எளிய விடை இல்லை. ஆனால் ஆண்டின் பெரும்பகுதியைக் கட்டுத்தறியிலேயே கழிக்கும் சிறு பாய்மரப் படகுக்கு அந்தச் சலுகை எதற்கு? நஞ்சில்லாத கடினப் பூச்சைப் பூசி, வழுவழுப்பு படியும் நிலையிலேயே மென்மையாகத் துடைத்துவந்தால், பார்னக்கிள் ஓடு கட்ட அவகாசம் இராது. இது செம்புப் பூச்சுக்குப் பொருந்தாது; அதை நீரிலேயே தேய்த்தால் செம்புதான் மேகமாய்க் கலையும். அயல் உயிரினங்கள் பரவுவதைத் தடுக்கவும் வழி, வேறு துறைக்குப் புறப்படுமுன் இருந்த இடத்திலேயே கரையேற்றிச் சுத்தம் செய்வதுதான்.

இதற்கு நேரம் வேண்டும், முதுகு வலிக்கும். மறுக்கவில்லை. அந்த நேரமும் வலியும் படகை அனுபவிப்பவருடையதாக இருப்பதே முறை. அடியைப் பேண நேரமில்லாதவர் படகைக் கரையிலேயே நிறுத்திவைக்கலாம். அல்லது பேணக்கூடியவருக்கு விற்றுவிடலாம். தம் சோம்பலுக்கான விலையைச் சிப்பிகளிடம் வசூலிக்கும் உரிமை அவருக்கு இல்லை.