ஒயரில் ஓடுவது பாட்டு அல்ல!

மதுரைப் பக்கத்தில் கோவில் திருவிழா என்றால், ராத்திரி இன்னிசைக் கச்சேரியும் இருக்கும். மேடையில் கீபோர்டு நிற்கும். ஒரே ஆள், ஒரே பலகை! வயலின் வருகிறது. புல்லாங்குழல் வருகிறது. நாதசுரமும் வருகிறது! பார்க்கிற பிள்ளைக்கு ஆசை வராமல் இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் அடம் பிடிக்கிறது. தகப்பனார் கைமாற்று வாங்கியாவது கருவியை வாங்கித் தருகிறார்.

நாலு மாதம் வீடே அதிர்கிறது. பிறகு கீபோர்டு உறைக்குள் போகிறது. உறை பீரோ மேல் ஏறுகிறது. போட்ட பணம் தூங்குகிறது!

அதை எழுப்ப ஒரு வழி உண்டு. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால், கீபோர்டை அதோடு ஒரு ஒயரால் இணைத்துவிட வேண்டும். அப்புறம் அது விளையாட்டுப் பொருள் அல்ல. பிள்ளையின் பிழையைக் காட்டும் நோட்டுப் புத்தகம்!

தோசை அல்ல, உத்தரவு

இப்படி இணைக்கும் முறைக்கு 'மிடி' என்று பெயர். அந்த ஒயரில் என்ன ஓடுகிறது? பாட்டு ஓடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு.

ஓட்டலில் சர்வர் சமையல் கட்டைப் பார்த்து, "ரெண்டு ரவா தோசை, ஒரு காப்பி!" என்று குரல் கொடுக்கிறார். உள்ளே போவது தோசையா? இல்லை. உத்தரவு! தோசையைச் சுடுவது சமையல்காரர்.

மிடியும் அப்படித்தான். எந்தக் கட்டையை அழுத்தினார்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள், எப்போது கையை எடுத்தார்கள் என்ற செய்திதான் ஒயரில் போகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எண் உண்டு. 0 முதல் 127 வரை. கீபோர்டின் நடுவில் இருக்கும் 'சி' கட்டைக்கு 60. ஒலியை உண்டாக்குவது கம்ப்யூட்டரில் உள்ள இசைப் புரோகிராம்.

இதனால் என்ன லாபம்? ஒரு முறை வாசித்ததை வீணையாகவும் கேட்கலாம், வயலினாகவும் கேட்கலாம். ஒரு சுரம் தப்பினால், அந்த ஒன்றை மட்டும் திருத்தலாம்.

காசு கேட்காத இருவர்

முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனிக் கருவிக்கும் ஒரு தனி வழி. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. அமெரிக்காவில் டேவ் ஸ்மித், ஜப்பானில் இகுடாரோ ககேஹாஷி. இருவரும் கருவி செய்து விற்கும் போட்டியாளர்கள். ஆனாலும் ஒரு பொது மொழி வேண்டும் என்று பாடுபட்டார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக் கருவிக் கண்காட்சியில் இருவர் கருவிகளையும் இணைத்தார்கள். ஒன்றில் விரல் பட்டது. மற்றொன்று பாடியது!

இந்த மொழியைப் பயன்படுத்த அவர்கள் யாரிடமும் காசு கேட்கவில்லை. அதனால் உலகமே எடுத்துக் கொண்டது. 2013-ல் இருவருக்கும் தொழில் நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

அன்றும் இன்றும்

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. இசை அமைப்பாளராக வேண்டுமானால், அவர் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. பத்தே வருஷத்தில், 1986-ல், 'புன்னகை மன்னன்' படத்துக்கு அவர் கம்ப்யூட்டரையும் இசைக்குப் பயன்படுத்தினார். அவர் குழுவில் கீபோர்டு வாசித்த திலீப் என்ற இளைஞர்தான் பின்னாளில் ஏ.ஆர்.ரகுமான். அவர் 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். 1992-ல் 'ரோஜா' வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது!

அன்று பெரிய முதல் போட்டவர்களுக்கே கிடைத்த வசதி, இன்று உசிலம்பட்டி வீட்டிலும் மேலூர் வீட்டிலும் மேஜை மேல் அடங்கிவிடுகிறது.

இணைப்பது எப்படி?

இப்போது வரும் பல கீபோர்டுகளில் யு.எஸ்.பி. துளை இருக்கிறது. அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் போதும். பழைய கருவியில் ஐந்து ஊசி கொண்ட வட்டத் துளை இருக்கும். அதற்கு நடுவில் ஒரு சிறு பெட்டி வாங்க வேண்டும். கீபோர்டின் 'அவுட்' பெட்டியின் 'இன்'னுக்குப் போக வேண்டும். இது மாறினால் சத்தமே வராது!

'மியூஸ்கோர்', 'எல்.எம்.எம்.எஸ்.' போன்ற புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. புரோகிராமுக்குள், வந்திருக்கும் கீபோர்டின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை கேட்கிறதா? கருவியும் பாடுகிறது, கம்ப்யூட்டரும் பாடுகிறது என்று அர்த்தம். கீபோர்டில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை அணைத்துவிட்டால் சரியாகும்.

தொடக் கூடாத பொத்தான்

வாசித்தது திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. தாளத்துக்கு முந்தினால் தெரிகிறது. பிந்தினாலும் தெரிகிறது. அதைவிட நல்ல பாடம் உண்டா?

ஆனால் அதே புரோகிராமில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். தவறிய தாளமெல்லாம் தானே நேராகிவிடும்! தொழில் செய்கிறவருக்கு அது உதவி. படிக்கிற பிள்ளைக்கு அது விஷம். பரீட்சைக் கணக்கை அண்ணனைப் போடச் சொன்னது போல! பிழை தெரிந்ததா? மறுபடி வாசிக்க வேண்டும். அதுதான் சாதகம்.

நெளிவு எங்கே?

"யந்திரம் வந்தால் நம் இசை போய்விடும்" என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். நம் ராகமோ கட்டைக்குக் கட்டை தாவுவது அல்ல. வளைந்து, குழைந்து போவது. 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதசுரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்தக் குழைவு வெறும் கட்டையை அழுத்தினால் வந்துவிடுமா?

மிடியில் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பல கீபோர்டுகளில் இடப் பக்கம் ஒரு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் சுரம் வளையும். அந்த வளைவைச் சொல்ல 16,384 படிகள் உண்டு! ஆனால் எங்கே வளைக்க வேண்டும், எவ்வளவு வளைக்க வேண்டும் என்பது ஒயருக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும்.

ஆகவே பெற்றோர்கள் ஒயர் வாங்கித் தரட்டும். அதோடு பிள்ளையை ஒரு பாட்டு வாத்தியாரிடமும் சேர்த்துவிடட்டும். கோவிலில் மேளம் ஒலிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்லட்டும். திருவிழா நடத்துகிறவர்களும், 'கீபோர்டில் நாதசுரம் வருகிறதே' என்று நாதசுரக்காரரை நிறுத்தாமல் இருக்கட்டும். அவர் நின்றுவிட்டால், பிள்ளை யாரைக் கேட்டுக் கற்றுக் கொள்ளும்?

சர்வர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், மாவு நன்றாக இருந்தால்தான் தோசை ருசிக்கும்!