பிடுங்கும் கையா? காக்கும் கையா?

ஆலைச் சங்கு ஊதுகிறது. கன்னத்தைக் கையால் தாங்கியபடி ஓடுகிறார் தோழர். கேட்டால், "ஒன்றுமில்லை, பல்வலி" என்கிறார். ஒரு கிராம்பு, ஒரு மாத்திரை, அதோடு சரி! வலி பொறுக்காத நாளில் ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குப் போகிறார். பல்லையும் அங்கே இழந்துவிட்டுத் திரும்புகிறார்.

பல் போனால் சொல் போச்சு என்றனர் பெரியோர். சொல் மட்டுமா போகிறது? சோறும் போகிறது, சுகமும் போகிறது!

இதைத் தடுக்க வழியில்லையா? உண்டு. அந்த வழிக்கென்றே ஒரு தொழில் உண்டு, அத்தொழிலுக்கென்று ஒரு படிப்பும் உண்டு. பற்சுகாதாரப் பணியாளர், 'டெண்டல் ஹைஜீனிஸ்ட்' என்பது அதன் பெயர்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்றோர் ஆலை நகரம். அங்கே ஆல்பிரட் போன்ஸ் என்ற பல் மருத்துவர், தம் உதவியாளர் ஐரீன் நியூமன் எனும் பெண்ணுக்கு 1906-இல் பல் துப்புரவுப் பணியைக் கற்பித்தார். 1913-இல் அதற்கென ஒரு பள்ளியே திறந்தார். மறு ஆண்டு 27 பெண்கள் தேறினர். தேறியவர்களில் பலர் அவ்வூர்ப் பள்ளிகளுக்குச் சென்று, பிள்ளைகளின் பற்களைத் துலக்கினர். பல் காக்கும் வகையையும் போதித்தனர். 1917-இல் நியூமன் உரிமம் பெற்றார்.

எதிர்ப்பு இல்லாமலா? இருந்தது! ஓஹையோ மாநிலத்தில் 1910-இல் தொடங்கிய இத்தகைய பயிற்சி, பல் மருத்துவர்களின் எதிர்ப்பால் நின்றே போயிற்று. "அரைப்படிப்புக் கையை வாய்க்குள் விடுவதா?" என்பது வாதம். கேட்பதற்கு நியாயம் போலத் தெரியும். ஆனால் இவர்கள் பல்லைப் பிடுங்க வரவில்லை, அறுவை செய்யவும் வரவில்லை. தமக்குரிய வேலையை முழுதும் கற்று, அதன் எல்லைக்குள் நிற்பவர்கள். பிரிட்டனில் 2013 முதல், பல் மருத்துவரை முதலில் பார்க்காமலே இவர்களிடம் நேரே செல்லலாம் என்றாயிற்று!

இங்கே நிலை என்ன? 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே இத்தொழிலுக்கு இலக்கணம் வகுத்தது. பல்லில் படிந்த காரையை நீக்குவது, துலக்குவது, மெருகிடுவது, வாய்ச் சுகாதாரம் போதிப்பது என்று எழுதி வைத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தோருக்கு இரண்டாண்டுப் படிப்பு. வாயின் அமைப்பு, நோய்க்கிருமி, கருவிகளைத் தூய்மை செய்தல், காரை நீக்கும் செய்முறை அனைத்தும் அதில் உண்டு. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் காதில் இது விழுந்திருக்கிறது?

"காரையை எடுத்தால் பல் ஆடும்" என்று சொல்லித் திரிகிறோம். ஆட்டுவது எடுத்த கையல்ல, தோழரே! ஈறின் அடியில் இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பையே அரித்த நோய்தான் ஆட்டுகிறது. காரை அதை மறைத்து நின்றது, அவ்வளவே! இந்த உண்மையைச் சேரிக்கும் சிற்றூருக்கும் சென்று சொல்ல ஆள் வேண்டாமா?

ஆகவே கேட்கிறோம்: அரசு மருத்துவமனைகளில் இவர்களுக்கு இடம் தருக! பள்ளிதோறும் இவர்களை அனுப்புக! ஏழை மாணவருக்கு உதவித்தொகை வழங்குக!

பெற்றோருக்கும் ஒரு சொல். பளபளக்கும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர். அந்தப் படிப்பு அங்கீகாரம் பெற்றதா, முடித்தால் பதிவேட்டில் பெயர் ஏறுமா என்று முதலில் கேளுங்கள். பதிவு இல்லாத சான்றிதழ் பல் இல்லாத வாய்!

பிடுங்கும் கைகள் போதும். காக்கும் கைகள் பெருகட்டும். அவற்றில் நம் தொழிலாளர் வீட்டுப் பெண்களின் கைகளும் இருக்கட்டும்!